நூல் மட்டும் கிடந்தது

ஜூலை 7
கற்கண்டு, சர்க்கரை, மிக்ஸியில் பொடித்த சர்க்கரை. தலா 10 கிராம். டம்ளருக்கு 200 மில்லி தண்ணீர். பள்ளித் தராசு வேலை செய்யவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி நிறுத்துத் தந்தார்.

ஜூலை 8
அம்மா இரண்டு வாய்க் கஞ்சி குடித்தாள். காலை மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 9
கரைவதில் பொடிதான் முந்தும் என்று ஏழாம் வகுப்பில் அடித்துச் சொல்லியிருந்தேன். மானத்தை வாங்கியது. மொத்தமாகக் கொட்டியதும் கட்டிதட்டி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பெண் கரண்டியால் அழுத்தினாள். உள்ளே உலர்ந்த மாவு. மறுமுறை கலக்கிக்கொண்டே தூவியபோதுதான் இருபது எண்ணுவதற்குள் காணாமல் போனது. கற்கண்டு மணி அடிக்கும்வரை அசையவில்லை. (அதில் ஒரு துண்டு யார் வாய்க்குள் போனது என்று விசாரிக்கவில்லை.)

பலகையில் 1 செ.மீ. கனசதுரம் வரைந்தேன். மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு, 60 சதுர செ.மீ. தண்ணீர் தொடும் இடம் பத்து மடங்கு. காசிமேட்டுப் பையன் எழுந்தான்: ஐஸ் பாரை நொறுக்கி மீன்மேல் போட்டால் சட்டென்று குளிரும், சட்டென்று தீர்ந்தும் போகும், அதுவும் இதுதானே டீச்சர்? உருகுவது வேறு, கரைவது வேறு என்று உட்காரவைத்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது உறுத்தியது. அவன் கேட்டது சரிதான்.

ஜூலை 10
கற்கண்டு டம்ளரில் நூல் மட்டும் கிடந்தது. அது எப்போது கரையும் என்று கேட்கிறார்கள்.

ஜூலை 11
காலை மாத்திரையைப் பொடிக்கவே கூடாதாம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்கென்றே செய்ததாம். நசுக்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடுமாம். மருந்துக்கடைப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஐந்து நாள் நசுக்கியிருக்கிறேன். 6, 60 என்று பலகையில் எழுதியது இந்தக் கைதான். அம்மா மத்தியானமெல்லாம் தலைசுற்றுகிறது என்றாளே, வெயில் என்றேனே.

இரவு 2 மணி. மூச்சு சீராக இருக்கிறது. மூன்றாவது தடவை பார்த்துவிட்டேன்.

ஜூலை 12
மருத்துவர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றி எழுதினார். இதைப் பொடிக்கலாமா என்று மூன்று முறை கேட்டேன்.

ஜூலை 14
நோட்டு திருத்தினேன். காசிமேட்டுப் பையன் முடிவு: “கற்கண்டு கரைவதற்குள் மணி அடித்துவிட்டது.” முழு மதிப்பெண்.

இரவு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து வைத்திருக்கிறேன். அம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.