மண்ணீரல் ஸ்லைடில் கறுப்புத் துகள்கள்

எங்கள் திசு ஆய்வகத்தில், நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிதாகச் சீவிய மண்ணீரல் செக்‌ஷன் ஒன்றில் பழுப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியான துகள்கள். அடுத்து வந்த கல்லீரலிலும் அதே. முதலில் மலேரியா நிறமியோ என்றுதான் சந்தேகப்பட்டோம். ஒளியைப் போலரைஸ் செய்து (ஒரே தளத்தில் அதிரவைத்து) பார்த்தால் மின்னியது. அதனால் எதுவும் முடிவாகவில்லை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினால் உண்டாகும் நிறமியும் அப்படித்தான் மின்னும். இரண்டும் ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியான ஹீமிலிருந்து பிறந்த பங்காளிகள். இரும்பை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தில் நீலம் ஏறவில்லை, ஆக இரும்பைச் சேமிக்கும் நிறமியான ஹீமோசிடரின் இல்லை. கடைசியில் துப்பு கொடுத்தது துகள்கள் கிடந்த இடம்தான். அவை, கழிவுகளை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜுக்குள்ளோ சிவப்பணுவுக்குள்ளோ அடங்கவில்லை. இரத்தம் தேங்கிய இடங்களில் செல்களுக்கு மேலே தூவியதுபோல் கிடந்தன. சம்பந்தமில்லாத நோயாளிகளின் திசுக்களில் ஒரே காட்சி என்றால், நோயை விட்டுவிட்டு ஃபார்மலின் கேனைப் பார்ப்பதுதான் சரி.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளை அதில் நனைத்தோம். 5-ஐ ஒட்டிக் காட்டியது. ஃபார்மால்டிஹைடு நாள்பட ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஃபார்மிக் அமிலமாகும். பிஹெச் 6-க்குக் கீழே இறங்கினால் ஹீமோகுளோபின் அமில ஹீமாட்டினாக மாறித் திசுவில் படியும். எங்கள் கேனில் பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபரே இல்லை, வெறும் தண்ணீரில் கலந்திருந்தது.

சரி, புதிதாகக் கலக்கினோம். கடையில் வரும், 37-40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு உள்ள ஃபார்மலின் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஹெச் 7-ஐ ஒட்டி நின்றது. இதைத்தான் 10 சதவீத ஃபார்மலின் என்கிறோம். ஃபார்மால்டிஹைடு கணக்கில் ஏறக்குறைய 4 சதவீதம்தான். புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் தடுமாறும் கணக்கு இது.

கூடவே பெரிய உறுப்புகளை அப்படியே முக்கி வைக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். மண்ணீரல் வந்ததும் மெல்லிய துண்டங்களாக வெட்டி, திசுவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத கரைசலில் போட்டோம். வெட்டாமல் விட்டால் ஃபார்மலின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் அங்கே செல்கள் தாமாகவே சிதையத் தொடங்கிவிடும்.

பழைய ஸ்லைடுகளுக்கு ஆல்கஹாலில் கரைத்த பிக்ரிக் அமிலம் கைகொடுத்தது. பாரஃபின் மெழுகு நீக்கிய செக்‌ஷனை அதில் ஊறவிட்டு, மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசி, அப்புறம் சாயமேற்றினோம். துகள்கள் காணாமல் போயின. மலேரியா நிறமியும் இதில் கரையும் என்பதால் இதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும். பாட்டிலில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். திசுவை மெழுகில் பதித்த பிளாக்குக்குள் படிந்த நிறமி அங்கேயேதான் இருக்கும், அதிலிருந்து வெட்டும் ஒவ்வொரு செக்‌ஷனையும் இப்படித்தான் ஊறவைக்கிறோம்.