பழைய க்ரீனரா, பிந்திய க்ரீனரா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையில் வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் பக்கத்துக் கரும்புக்காரர்களிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி என்று பேச்செடுத்தால், க்ரீனர் ஜி.பி. பெயர் வராமல் போகாது. 'தாத்தா காலத்துக் க்ரீனர்தான் உறுதி, பின்னால் வந்தது சும்மா' என்பார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் சரி.

அமைப்பு இரண்டிலும் ஒன்றே: மார்ட்டினி. லீவரைக் கீழே இழுத்தால், பின்வாயை மூடியிருக்கும் இரும்புக் கட்டையின் முன்பக்கம் தாழ்ந்து குழலின் பின்வாய் திறக்கும். அந்த இழுப்பிலேயே உள்ளே தோட்டாவின் அடியைக் குத்தும் ஸ்டிரைக்கரும் ஏறிக்கொள்ளும். வெளியே சுத்தியல் கிடையாது. முதல் உலகப்போருக்குப் பிறகு பர்மிங்ஹாமில் வந்த துப்பாக்கி இது. 1965இல் வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனி க்ரீனரை வாங்கிய பிறகும் தொடர்ந்து செய்யப்பட்டது.

உண்மையான வித்தியாசம் சேம்பரில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தில். பழையவற்றில் பல 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. பிந்தியவை 2¾ அங்குலம், 70 மி.மீ. இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டாதான். ஆபத்து என்னவென்றால், அந்தத் தோட்டா 65 சேம்பருக்குள்ளும் சுகமாகப் போய் உட்காரும். வாய் மடித்திருப்பதால், சுடாத தோட்டாவின் நீளம் 60 மி.மீ.க்கும் குறைவு. சுட்டதும் மடிப்பு விரிந்து சேம்பர் முனையின் குறுகலில் போய் நெருக்கும். ரவை போகும் வழி இறுகி அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. 'உள்ளே போகிறதே' என்பது அளவு அல்ல.

ஆகவே முதலில் குழலின் பின்பகுதியிலுள்ள முத்திரையை, அதாவது குழலைச் சோதித்துக் குத்திய அடையாளத்தைப் படியுங்கள். 1954க்கு முந்திய பர்மிங்ஹாம் முத்திரையில் ரவையின் எடை அவுன்ஸில் இருக்கும்: 1⅛ அவுன்ஸ் என்றால் சுமார் 32 கிராம். அதற்குப் பிந்தியதில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்ற கணக்கு வரும்: 2½ சேம்பருக்குப் பொதுவாக 3 டன், 2¾க்கு 3¼. முத்திரை 2½ என்று சொல்லி, சேம்பரை அளக்கும் கேஜ் வைத்தால் 70 காட்டுகிறதா? யாரோ பிற்பாடு கடைந்து நீட்டியிருக்கிறார்கள். குறுகல் இருக்கும் இடத்தில் குழலின் கனத்தைத் துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லும்வரை சுட வேண்டாம்.

மற்றபடி கோளாறுகள் இரண்டுக்கும் பொது. தோட்டா வெடிக்காமல், அடியில் மெல்லிய பள்ளம் மட்டும் விழுந்தால் ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கட்டைக்குள் பழைய எண்ணெய் பசையாக உறைந்திருக்கும். முதலில் துடைத்துப் பாருங்கள், ஸ்பிரிங்கைப் பிறகு மாற்றலாம். சுட்ட கூடு ஒட்டிக்கொண்டால், அதை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் குறை சொல்லும் முன் சேம்பரில் துரு உண்டா என்று விளக்கடித்துப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் ஒரு மழைக்காலமே போதும். மரப்பிடியை உலோகத்தோடு இறுக்குவது உள்ளே ஓடும் ஒரு நீள போல்ட். மரம் காய்ந்ததும் அது தளரும். தளர்ந்தபடியே சுட்டால் கழுத்தில் விரிசல் விழும். பின்தகட்டைக் கழற்றி, நீளமான திருப்புளியால் இறுக்கினால் முடிந்தது. பழையவற்றில் இந்த விரிசல்தான் விலையைத் தின்பது.

எனக்கு வேட்டைக்குப் பிந்தியதுதான். கினிக்கோழிக்கு எந்தக் கடையிலும் தோட்டா வாங்கலாம். சுவரலங்காரம் என்று பேசுபவர்கள் பழையதை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் சுவரில் அல்ல, பூட்டிய பெட்டியில். தாத்தாவின் பெயரிலிருந்த லைசென்ஸ் பேரனுக்குத் தானாக வராது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டப்படி வாரிசு தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 'க்ரீனர்' என்று கைமாறுபவற்றில் போலீஸ் மாதிரியும் உண்டு. அது 14 போர்; குழலின் உள்விட்டம் சுமார் 17.6 மி.மீ., 12 போருக்கு 18.5. அதன் மார்க் 3 வகையில் ஸ்டிரைக்கர் முனை மூன்று பல் சூலம்போல் இருக்கும். திருட்டுக் கைக்குப் போனாலும் சாதாரணத் தோட்டா வெடிக்கக்கூடாது என்றே அப்படிச் செய்தார்கள். ஜி.பி. என்று சொல்லி விற்க வந்தால், கட்டையைத் திறந்து ஸ்டிரைக்கர் முனையைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.