தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: 'சார்ஜ்' என்ற சொல் பற்றி

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் மட்டும் மனப்பாடம் பண்ணாதீர்கள், அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். லீவில் தண்டையார்பேட்டை வந்திருக்கிறேன், எங்கள் தெருவிலேயே சில பெண்கள் ஓஇடி தேர்வுக்கு, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்கு, படிக்கிறார்கள். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 'பி', எழுத்தில் 'சி பிளஸ்' வாங்கினால் இங்கிலாந்தில் உள்ள நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும். அதில் ஒருத்தி கேட்டாள், "இன்னாக்கா, சார்ஜுக்கு டிக்ஷ்னரில இத்தினி அர்த்தம் போட்டுக்கிறான், எத்தப் படிக்கிறது?"

நல்ல கேள்வி. ஆனால் அவளுக்கே பாதி தெரியும். போனை சார்ஜில் போடுகிறோம், ஆட்டோ சார்ஜ் கேட்கிறோம், புது இன்ஸ்பெக்டர் சார்ஜ் எடுக்கிறார், போலீஸ் சார்ஜ் ஷீட் போடுகிறது, கலாட்டா முற்றினால் லத்தி சார்ஜ், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்த தாத்தாவை டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டி வருகிறோம். வடசென்னையில் இதைக் கேட்டு யாரும் குழம்புவதில்லை, பக்கத்தில் நிற்கிற சொல்லே எந்த சார்ஜ் என்று காட்டிவிடுகிறது. அங்கே போனால் பக்கத்துச் சொற்கள் கொஞ்சம் மாறும், அதைத்தான் படிக்க வேண்டும்.

வார்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே தவறாகப் புரிந்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து. இங்கே எல்லா நர்சும் சிஸ்டர்தான். அங்கே சிஸ்டர் என்பது வார்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பதவி, அதே பதவியில் ஆண் இருந்தால் பொதுவாக 'சார்ஜ் நர்ஸ்' என்பார்கள். 'நர்ஸ் இன் சார்ஜ்' வேறு, அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பு யாரோ அவர், நாளைக்கு அது நீங்களாகவே இருக்கலாம். இரண்டும் அதே இரண்டு சொற்கள்தான், முன்னே பின்னே வந்தால் ஆளே மாறிவிடுகிறார். அப்புறம் டிஸ்சார்ஜ். ஷிஃப்ட் மாறும்போது 'நோ டிஸ்சார்ஜ் ஃப்ரம் த வூண்ட்' என்றால் புண்ணிலிருந்து எதுவும் வடியவில்லை என்று அர்த்தம், வீட்டுக்கு அனுப்புகிற பேச்சே அங்கு இல்லை. வீட்டுக்குப் போகிறவர் மருந்துக்கும் வண்டிக்கும் காத்திருக்கும் அறை 'டிஸ்சார்ஜ் லௌஞ்ச்'. டாக்டர் போக வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கிளம்புவது 'செல்ஃப் டிஸ்சார்ஜ்'. இவற்றைத் தனித்தனிச் சொல்லாகப் படித்தால் நிற்காது, முழுத் தொடராக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

போனில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நாம் சொல்கிற 'சார்ஜில் போடு' அங்கே அப்படியே 'புட் இட் ஆன் சார்ஜ்'. ஆனால் நாம் 'சார்ஜ் இல்லை' என்றால் போன் செத்துவிட்டது, அங்கே கடைக்காரர் 'நோ சார்ஜ்' என்றால் காசு வேண்டாம் என்கிறார். போலீஸ் விஷயத்தில் பெரும்பாலும் பன்மைதான் வரும், வழக்குப் போட்டால் 'பிரஸ் சார்ஜஸ்', அதைக் கைவிட்டால் 'டிராப் சார்ஜஸ்' என்று. லத்தி சார்ஜ் என்றால் அவர்களுக்குப் புரியாது, அங்கே அது 'பேட்டன் சார்ஜ்'.

குடித்தனம் வைக்கும்போது பணத்தோடு சேர்கிற சார்ஜ்தான் அதிகம். ஆஸ்பத்திரியில் படுத்தால் நமக்கு பில் வராது, ஆனால் டாக்டர் எழுதித் தந்த மருந்தை வெளியே வாங்கினால் இங்கிலாந்தில் 'பிரிஸ்கிரிப்ஷன் சார்ஜ்' உண்டு, 2024 மே மாதத்திலிருந்து ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் அது கிடையாது, அதனால் வேலை எந்த ஊரில் என்று பார்க்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள். கரண்ட் பில்லில் 'ஸ்டாண்டிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே பழகிய நமக்கு இது புதுசு, ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் தினமும் ஏறுகிற தொகை அது. முன்பணம் போடுகிற மீட்டர் உள்ள வீடு என்றால் ஊருக்குக் கிளம்புமுன் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டு வாருங்கள், பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் அது கழிந்துகொண்டேதான் இருக்கும்.

கார் வாங்கின பிறகு லண்டன் நடுப்பகுதிக்குப் போனால் 2003இல் கொண்டுவந்த 'கன்ஜெஷன் சார்ஜ்' என்ற நெரிசல் கட்டணம் கட்ட வேண்டும். ரொம்பக் கவனிக்க வேண்டியது வண்டி நிறுத்தியதற்கு வருகிற கடிதம். கவுன்சில், அதாவது அந்த ஊர் நகராட்சி, அனுப்புவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்', அது சட்டப்படி அபராதம். தனியார் நிறுத்துமிடம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்', அவர்கள் போர்டில் எழுதிய நிபந்தனையை மீறினீர்கள் என்று கேட்கிற பணம். இரண்டுக்கும் சுருக்கம் பிசிஎன், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மேல்முறையீடு செய்கிற இடமும் வேறு வேறு. முதல் சொல் என்ன என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள், கவுன்சில் அனுப்பியது என்றால் பொதுவாக 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான்.