பட்டறை மேசைக்குப் புது மேற்பலகை: 77 துளை, ஒரே அளவு

பழைய மேற்பலகை சாதாரணக் கமர்ஷியல் பிளைவுட். நடுவில் குழிந்துவிட்டது, போதாததற்கு மேலெல்லாம் ரம்பம் ஓடிய கோடுகள். அதைக் கழற்றிவிட்டு, 20 மி.மீ. துளைகள் 96 மி.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாக இருக்கும் பலகை செய்ய இறங்கினேன். ஜெர்மன் கருவி நிறுவனமான ஃபெஸ்டூலின் மேசைகளால் பரவிய அளவு இது. அலமாரி வேலையில் புழங்கும் 32 மி.மீ. கணக்கின் மூன்று மடங்கு. துளைகளில் முளைகளைச் செருகி, ரம்பம் ஓடும் தடமான கைடு ரயிலை அவற்றோடு அணைத்து வைத்தால் மூலமட்டத்தைத் தேடாமலே செங்கோணத்தில் அறுக்கலாம். ஆனால் துளை வரிசை கோணினால் அறுக்கிற ஒவ்வொரு பலகையும் கோணும்.

சி.என்.சி. வைத்திருக்கும் சைன்போர்டு கடையில் கொடுத்தால் சீக்கிரமே முடிந்துவிடும். அவசரம் உள்ளவர்கள் அதையே செய்யுங்கள். கையால் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு.

பலகை 18 மி.மீ. எச்.டி.எச்.எம்.ஆர். (ஈரம் தாங்கும் அடர்த்தியான மரத்தூள் பலகை), 1060க்கு 680 மி.மீ. சாதா எம்.டி.எஃப்-ஐ விட அடர்த்தி கூட, மழைக்காலத்தில் ஊதுவதும் குறைவு.

துளைகளுக்கு டேப் பிடித்துக் குறி போடவே இல்லை. இங்கிலாந்துக்காரர் பீட்டர் பார்ஃபிட் உருவாக்கிய, துளை வரிசை போடும் பார்ஃப் கைடு என்ற கருவியின் அடிப்படையை எடுத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் நீளத்தில், 6 மி.மீ. கனத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, லேத் பட்டறை மில்லிங் மிஷினில் 96 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளை 11 போட்டு வாங்கினேன். அளந்தது அங்கே மட்டும்தான்.

முதலில் ஒரு பட்டையைப் பலகையின் நீளவாக்கில் கிளாம்ப் போட்டு 11 துளைகள். அடுத்தது நம் பள்ளிக்கூட பிதாகரஸ், 6-8-10. முதல் துளையில் ஒரு பட்டையும், அங்கிருந்து எட்டு இடைவெளி தள்ளி இன்னொரு பட்டையும் ஊசி போட்டு நிறுத்தினேன். முதல் பட்டையின் ஆறாவது இடைவெளியும் மற்றதன் பத்தாவதும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடம் கட்டத்தின் மேல் மூலை; செங்கோணம் முதல் துளையில் விழும். கடைசித் துளையிலிருந்து மறுபக்க மூலையும் இப்படியே. ஊசிக்கு உடைந்த 3 மி.மீ. பிட்டின் தண்டு போதும். இதில் 96 என்பது 96.1 ஆக இருந்தாலும் கவலையில்லை. எல்லா இடைவெளியும் ஒன்றுபோல இருந்தால் கோணம் சரியாகவே வரும். கடைசியில் மேல் மூலைகள் இரண்டுக்கும் நடுவே பட்டையை வைத்துப் பார்த்தேன். பத்து இடைவெளியில் இரு ஊசிகளும் தட்டாமலே இறங்கின. நிம்மதி. பிறகு எதிரெதிர் துளைகளில் பட்டையைக் கோத்து நடுவில் உள்ளவற்றை நிரப்புவதுதான் மிச்சம்.

3 மி.மீ. துளையை 20 ஆக்குவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தட்டை பிட் அலையும். நான் ரூட்டருக்குப் போனேன். 30 மி.மீ. துளையிட்ட ஒரு பிளைவுட் அச்சு. அதற்குள் இறுக்கமாக உட்காரும் கட்டை, நடுவில் 3 மி.மீ. ஊசி. ஊசி பலகைத் துளையில் இறங்கியதும் அச்சைக் கிளாம்ப் செய்து, கட்டையை உருவிவிட்டு, 30 மி.மீ. கைடு புஷ் (பிட்டைச் சுற்றி நிற்கும் வளையம்) மாட்டிய ரூட்டரால் மூன்று நான்கு இறக்கத்தில் துளை. புஷ் மிஷினின் மையத்தில் துல்லியமாக உட்காருவது அபூர்வம். அதனால் ரூட்டரின் ஒரு கைப்பிடி எப்போதும் ஜன்னல் பக்கமே இருக்கும்படி பிடித்தேன். எல்லாத் துளையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளினால் கட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அடியில் ஒரு கழிவுப் பலகை, மூக்கில் முகமூடி. இந்தத் தூசி சாதாரணமானதல்ல.

மேசையின் சட்டத்தில் முறுக்கு இருக்கிறதா என்று மூலைக்கு மூலை நூல் கட்டிப் பார்த்தேன். நூல்கள் நடுவில் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒரு மூலையில் சன்மைக்கா சில்லு வைத்ததும் சரியானது. துளை விளிம்புகளை லேசாகச் சரித்துவிட்டு, இரண்டு பக்கமும் அரக்குப் பாலிஷ். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

சோதனைக்கு ஐந்து வெட்டு முறை. ஒரு பலகையின் நான்கு பக்கங்களையும் வரிசையாக, இப்போது வெட்டிய ஓரத்தை முளைகளோடு அணைத்து அறுத்து, ஐந்தாவதாக ஒரு கீற்று எடுக்க வேண்டும். கீற்றின் இரு முனை அகலத்துக்குமான வித்தியாசம் நாலு வெட்டின் பிசகும் சேர்ந்தது. எனக்கு 400 மி.மீ. கீற்றில் 0.20 மி.மீ. வந்தது, நாலால் வகுத்தால் 0.05. ரயிலைத் தாங்கும் முளைகளை இன்னும் உயரமாகக் கடைந்து வாங்க வேண்டும். மீதிப் பலகையில் ஒரு சின்ன மேசைக்கும் இடமிருக்கிறது. பட்டைகளை எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கிறேன்.