சுரங்கக் குழிக்குள் தண்ணீர் வரும் வழிகள்

ஆற்றோரச் சுரங்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது பழைய வெள்ளத்தின் தடம். மரத்தண்டில் சேறு படிந்த கோடு, கிளையில் சிக்கிய சருகு, இவற்றின் உயரத்தை லெவல் கருவியால் அளந்து குழி விளிம்போடு ஒப்பிடுங்கள். '100 ஆண்டு வெள்ளம்' என்றதும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 1% வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 20 ஆண்டு ஓடும் சுரங்கம் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு சுமார் 18%.

அடுத்தது குழிக்குள்ளேயே விழும் மழை. 12 ஹெக்டேரில் 100 மி.மீ. பெய்தால் 12,000 கனமீட்டர். அதில் 80% சம்ப்புக்கு (குழியின் அடியில் தண்ணீர் சேரும் பள்ளம்) வந்தால் 9,600. மணிக்கு 200 கனமீட்டர் இறைக்கும் பம்புக்கு அதுவே 48 மணி நேர வேலை. பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள அளவை அப்படியே நம்பாதீர்கள். குழி ஆழமாக ஆக, இறைப்பு குறையும்.

வெளிநீரைத் தடுக்க, குழியைச் சுற்றி மேட்டுப்பக்கம் வடிகால் வெட்டி, வண்டலைச் சீராக அள்ள வேண்டும். ஆற்றில் விழும் குழாய் முனையில் ஒருவழிக் கதவு அவசியம். இல்லாவிட்டால் ஆறு ஏறும்போது அதே குழாய் வழியே தண்ணீர் உள்ளே வரும். கதவிடுக்கில் ஒரு குச்சி மாட்டினாலே போதும், அது மூடாது.

ஆற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள கரையின் அடிவாரத்தில் கசிவு தெளிவாக இருந்தால் அளந்து கண்காணியுங்கள். கலங்கலாக வந்தால் கரைமண் அரித்து வெளியேறுகிறது. உடனே ஆட்களை மேலே ஏற்றுங்கள்.

மின்பலகையும் டீசல் பம்பும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.