ஆறாவது தொங்கலும் அந்த மூன்றாவது மூலையும்

கிறிஸ்மஸ் மரத்தில் மாட்ட, துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டு முன்துணி பின்துணி இரண்டையும் ஓரத்தில் சேர்த்து மூடித் தொங்கல்கள் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஆறாவது தொங்கலின் கடைசிப் பக்கத்தை மூடி முடித்தேன். ஓரத்தில் கோடு மாதிரி ஓடுகிற பேக் ஸ்டிச் முன்துணியில் 88, பின்துணியில் 88, கடைசி ஜோடி நேருக்கு நேர் வந்து சேர்ந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை, இழுத்துப் பிடித்த சுருக்கம் இல்லை, நாலு மூலையும் கூராக நிற்கிறது. இதற்கு முன் செய்த ஐந்திலும் இப்படி வரவே இல்லை, அதிலும் நாலாவதை மூன்று முறை பிரித்தேன். அதனால் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன கிறிஸ்மஸுக்குச் சின்னவள் மரத்தைப் பிடித்து இழுத்து, கடையில் வாங்கின கண்ணாடி உருண்டைகளில் ஏழு உடைந்துபோனது. அப்போதே இந்த வருடம் எல்லாம் துணிதான் என்று முடிவு செய்துவிட்டேன். மொத்தம் பன்னிரண்டு. இணையத்தில் கிடைக்கிற டிசைன் எல்லாம் கலைமான், பனிமனிதன், கணப்படுப்பில் தொங்குகிற காலுறை. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மரத்துக்கு அது எதற்கு? பெரியவனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நானே வரைந்தேன்: பனைமரம், திண்ணையில் கட்டுகிற காகித ஸ்டார், குடிலுக்குள் படுத்திருக்கிற ஆட்டுக்குட்டி, கோயில் மணி, மெழுகுவர்த்தி, அப்புறம் நம் பலகாரம் முந்திரிக்கொத்து. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கிற முந்திரிக்கொத்து 40 கட்டத்துக்குள் அத்தனை அழகாக வந்திருக்கிறது. மஞ்சளில் இரண்டு சாயலும் ஓரத்தில் ஒரு வரி பழுப்பும் போட்டதும், பொரித்தெடுத்த மாவின் அந்த முறுமுறுப்பு தெரிந்துவிட்டது. இதுவரை நான் வரைந்ததில் சிறந்தது அதுதான் என்று தாராளமாகச் சொல்வேன்.

தைத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. 14 கவுண்ட் ஐடா (அங்குலத்துக்கு 14 கட்டம் வருகிற, எண்ணித் தைக்கிற துணி), இரண்டு இழை, 24ஆம் நம்பர் ஊசி. ஸ்டாரின் ஓரத்துக்கு மட்டும் தங்க மெட்டாலிக். அதை ஒரு சாணுக்கு மேல் வெட்டக்கூடாது, கோர்ப்பதற்கு முன் ஈரப் பஞ்சில் ஒரு தடவு தடவிவிட்டால் பிரிந்து பிரிந்து வருவது பாதி குறையும். அவ்வளவுதான்.

பிரச்சினை எல்லாம் மூடுகிற இடத்தில்தான். அட்டையில் ஒட்டி ஃபெல்ட் வைத்து முடிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஆனால் எனக்குப் பசை போட்டது பிடிக்காது. இங்கே மழைக்காலத்தில் பசை ஊறி மஞ்சளாகிவிடுகிறது. அதனால் டிசைனைச் சுற்றி இரண்டு கட்டம் விட்டு, 44க்கு 44 கட்டத்தில் பேக் ஸ்டிச் சட்டம் போட்டேன். இரண்டு கட்டத்துக்கு ஒரு தையல், ஒரு பக்கத்துக்கு 22. பின்துணிக்கும் அதே சட்டம். இரண்டையும் சட்டத்தின் மேல் மடித்து, முதுகோடு முதுகு வைத்து, முன்சட்டத்தில் ஒரு தையல், பின்சட்டத்தில் ஒரு தையல் என்று ஊசியை அந்த நூலுக்கு அடியில் மட்டும் நுழைத்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி விப் ஸ்டிச் போட்டுக்கொண்டே போவது. துணியில் ஊசி படக்கூடாது. சரியாக வந்தால் ஓரத்தில் முறுக்குக் கயிறு பதித்த மாதிரி இருக்கும்.

முதல் பக்கம் வரும், இரண்டாவதும் வரும். மூன்றாவது மூலை தாண்டி நான்காவது பக்கத்தின் முடிவுக்கு வந்தால் முன்துணியில் ஒரு தையல் மிஞ்சி நிற்கும். சில சமயம் இரண்டு. முதல் மூன்று தொங்கலில் அதைக் கடைசி மூலையில் அமுக்கி மூடிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். அந்த மூலை மட்டும் மூக்கு மாதிரி திரும்பியிருக்கும்.

முதலில் பின்துணி மேல் சந்தேகம். வீட்டில் இருந்த மேட்டி துணியைத்தான் பின்பக்கத்துக்கு வைத்திருந்தேன், பள்ளியில் தையல் வகுப்புக்கு வாங்குவோமே, அது. அளந்து பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு நீளவாக்கில் 11 கட்டம், அகலவாக்கில் 10. அதாவது எண்ணிப் போட்ட சதுரம் சதுரமாகவே இருக்காது. ஐடாவோடு சேர்த்தால் அளவும் ஒத்துவராது. சரி, நாலாவதற்குப் பின்பக்கத்துக்கும் 14 கவுண்ட் ஐடாவே வைத்தேன். அளவு ஒத்துவந்தது, மூலை ஒத்துவரவில்லை. மறுபடியும் ஒன்று மிச்சம். பிரித்து எண்ணினால் இரண்டிலும் பக்கத்துக்கு 22 சரியாக இருக்கிறது! மறுபடி தைத்தால் மறுபடி மிச்சம். மூன்றாவது முறை பிரிக்கும்போது சட்டத்து நூலே பஞ்சடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குமேல் முடியவில்லை, அதையும் அமுக்கித்தான் மூடினேன். ஐந்தாவதும் அப்படியே போனது.

தீர்வு அத்தையிடமிருந்து வந்தது. அத்தையின் ஊர் இடையன்குடி. அவர்களுடைய ஆச்சி லேஸ் பின்னினவர்கள். நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் அது. அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் செய்து போனபோது அந்தக் கைவேலையும் கூடவே இடையன்குடிக்குப் போயிற்று. அத்தை சிறுமியாக இருந்தபோது ஆச்சியின் தலையணையைப் பார்த்திருக்கிறார்கள். அதன் மேல் ஊசியாகக் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றின நூலை மாற்றி மாற்றிப் போடுவார்களாம். நான் ஐந்தாவதை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கைய மனசுல வச்சுக்கிட்டே தைக்காதம்மா, துணியில வை. எங்க ஆச்சி ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு ஊசி குத்தித்தான் அடுத்ததுக்குப் போவாங்க" என்றார்கள்.

அவ்வளவுதான் சொன்னார்கள். ஆறாவதில், மடிப்பதற்கு முன்பே இரண்டு துணியிலும் ஒவ்வொரு பக்கத்தின் 11ஆம் தையலில் நீல நூலில் ஒரு சின்ன வளையமும், ஒவ்வொரு மூலையை ஒட்டிய இரண்டு தையலிலும் ஆரஞ்சு வளையமும் போட்டேன். அப்புறம்தான் மூட ஆரம்பித்தேன். நீலமும் நீலமும் ஒவ்வொரு பக்கத்திலும் நேராகச் சந்தித்தது. மூன்றாவது மூலைக்கு வந்தேன், முன்பக்கத்தில் ஆரஞ்சு இருக்கிறது, பின்பக்கத்தில் ஆரஞ்சைக் காணோம். ஊசியின் கண்முனையால் மடிப்பை நெம்பினால் உள்ளே கிடக்கிறது. மூலைக்கு முந்தின அந்தக் கடைசித் தையல் மடிப்புக்குள் கவிழ்ந்து படுத்துக்கொண்டிருந்தது!

காரணம் இப்போது நன்றாகப் புரிகிறது. முதல் இரண்டு மூலை வரைக்கும் இரண்டு துணியும் புத்தகம் மாதிரி விரிந்து கிடக்கிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது மூலையில் அது பையாகிவிடுகிறது. இரண்டு பக்கத்து மடிப்பு விளிம்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அங்கே தடித்துப் போகிறது. அந்தத் தடிமன் பின்துணியின் கடைசித் தையலை உள்ளே தள்ளிவிடுகிறது, அதுவும் நான் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு தைப்பதால் பின்பக்கத்தில் என்ன விட்டுப்போனது என்று தெரிவதே இல்லை. நான் இத்தனை நாள் அடுத்த பக்கத்தின் முதல் தையலை இந்தப் பக்கத்தின் கடைசி என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அதனால் இப்போது செய்வது இது. விளிம்பை ஐந்து கட்டத்துக்கு மேல் விடுவதில்லை. மூலையைச் சாய்வாக வெட்டும்போது சட்டத்திலிருந்து சரியாக இரண்டு கட்டம் தள்ளி வெட்டுகிறேன். ஒரு கட்டமாகக் குறைத்தால் பிய்த்துக்கொள்கிறது, மூன்று விட்டால் பழையபடி தடித்துவிடுகிறது. மடிப்பை இஸ்திரி போடாமல் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்க்கிறேன். மூலை ஜோடிக்கு இரண்டு சுற்று. இன்னொன்று நூலின் நீளம். ஒரு பக்கம் 8 செ.மீ., சுற்றளவு 32 செ.மீ., விப் ஸ்டிச்சுக்கு அதைப்போல மூன்று மடங்கு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வேண்டும். ஒரே நூலாக எடுத்தால் பாதியிலேயே மெலிந்து கடைசிப் பக்கம் நிறம் மங்கித் தெரிகிறது. எதிரெதிர் மூலையிலிருந்து இரண்டு அரை மீட்டர் நூலாகத் தொடங்கினால் நான்கு பக்கமும் ஒரே பளபளப்பு. நூல் மாறுகிற இரண்டு இடமும் மூலையிலேயே விழுந்து மறைந்துவிடுகிறது.

முடித்ததை அத்தையிடம் கொடுத்தேன். டிசைனைப் பார்க்கவே இல்லை, ஓரத்தை விரலால் நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு "ம், இப்ப சரி" என்றார்கள். எனக்கு அது போதும்.

உள்ளே திணிக்கிற பஞ்சு பற்றியும் கேட்பீர்கள். பழைய தலையணையில் இருந்த இலவம் பஞ்சைத்தான் முதல் இரண்டுக்கு வைத்தேன். எடையே இல்லை, மரக்கிளை தாழவில்லை. ஆனால் அந்த மெல்லிய நார் ஐடாவின் துளை வழியாக எட்டிப் பார்க்கிறது, சிவப்பு டிசைனில் நன்றாகவே தெரியும். இப்போது மெல்லிய மல் துணியில் சின்னப் பை தைத்து, அதற்குள் பஞ்சை வைத்து உள்ளே செருகுகிறேன். பத்து நிமிட வேலை கூடுதல், ஆனாலும் போடியிலிருந்து யாராவது வந்தால் ஒரு கிலோ இலவம் பஞ்சு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பாலியஸ்டர் பஞ்சு எனக்கு வேண்டாம்.

நூல் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. முதல் ஸ்டாருக்கு அவசரத்தில் பேர் போடாத சிவப்பு நூல் ஒன்று வாங்கினேன், கடைக்காரர் சாயம் போகாது என்று உறுதியாகச் சொன்னார். அலசின உடனே வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ். நல்லவேளை காயவிடவில்லை. ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கி, கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தேய்க்காமல் ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். முழுக்கப் போய்விட்டது. சாயம் கசிந்ததைக் காயவிட்டால் அவ்வளவுதான், நிறம் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து சிவப்பு என்றால் ஆங்கர் கம்பெனி நூல், இல்லாவிட்டால் டி.எம்.சி. கம்பெனி நூல், அதையும் ஒரு துண்டு ஈரத் துணியில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். டி.எம்.சி.யைவிட ஆங்கர் விலை குறைவு என்பதால் பெரும்பாலும் ஆங்கர்தான். ஆனால் ஒரு கம்பெனியின் நிற எண்ணுக்கு மற்றதில் எந்த எண் என்று சொல்கிற அட்டவணைகளை நம்பி கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். டி.எம்.சி. 321க்கு ஓர் அட்டவணையில் 47 என்று இருக்கிறது, இன்னொன்றில் 9046. இரண்டும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு சிவப்பு. நான் நூலைக் கையில் எடுத்து, கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

எப்போது நேரம் கிடைக்கிறது என்று தங்கச்சி கேட்கிறாள். காலையில் நாலரைக்கு, அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் முக்கால் மணி நேரம். ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு ஒரு மணி நேரம். இடையில் பெரியவன் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரில் உட்கார்ந்து தைப்பேன். அவனுக்குப் பத்து வயது, எழுதி முடித்ததும் நோட்டைப் பார்த்து "ஏழு சிவப்பு, ரெண்டு வெள்ளை, மூணு சிவப்பு" என்று வாசித்துக்கொடுப்பான். ஒருதரம்கூடத் தப்பாக வாசித்ததில்லை. ஆட்டுக்குட்டியின் காதில் நான் செய்த தப்பைக் கண்டுபிடித்ததும் அவன்தான். சின்னவளுக்கு நாலு வயது, ஊசி இருக்கிற இடத்துக்கு அவள் வரக்கூடாது, அதனால் ஊசி எப்போதும் துணியில் வைத்த காந்தத்தின் மேல்தான். தைத்து முடித்து எழும்போது ஊசியை எண்ணிவிட்டுத்தான் எழுவேன். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமைதான் திருநெல்வேலியிலிருந்து வர முடிகிறது, வந்ததும் முடிந்ததை வரிசையாகக் கட்டிலில் வைத்துப் பார்க்கிறார். மணிக்கு நாக்கு வேண்டும் என்று சொன்னது அவர்தான், சொன்னதும் சரிதான், இரண்டு தையலில் போட்டுவிட்டேன்.

மழைதான் இப்போது தொல்லை. இந்த ஈரத்தில் ஐடாவின் கஞ்சி விட்டுப்போய்த் துணி தொளதொளக்கிறது, கட்டம் எண்ணக் கண் வலிக்கிறது. துணியை இழுத்துப் பிடிக்கிற வட்டச் சட்டத்தில் எந்நேரமும் மாட்டியே வைத்திருந்தால் தடம் விழுந்துவிடுகிறது, அதனால் தைத்து முடித்ததும் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் அட்டை நடுவே வைக்கிறேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி ஸ்டார் கட்டிவிடுவோம், அதற்குள் பன்னிரண்டும் முடியாது. மரம் வைப்பதற்குள் முடிந்தால் போதும். கேரல் வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்க 18 கவுண்டில் சின்னதாக ஒரு மணி செய்யலாம் என்று யோசனை இருக்கிறது, 44 கட்டம் அதில் 6 செ.மீ. சொச்சம்தான் வரும், மூடவும் சுலபம். ஆனால் இருபது பேர் வருவார்கள், அடுத்த வருடம்தான். அதற்கு முன் அத்தையின் ஆச்சி பின்னின லேஸ் ஒரு முழம் பெட்டியில் இருக்கிறதாம், அதன் ஓரப் பூவைக் கட்டத்தில் வரைந்து மேசை விரிப்பு ஒன்று தைக்க ஆசை. பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடம்பரமான ஓரமாக இருந்தால் 16 கவுண்ட் வேண்டியிருக்கும், அதற்கு வடசேரிப் பக்கம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு ஏழாவது, பனைமரம். தண்டுக்கு ஆங்கர் 358 போட்டேன், பாதியில் தீர்ந்துவிட்டது, சனிக்கிழமைதான் வாங்க முடியும். அதுவரை பின்துணிச் சட்டத்தை முடித்துவிடலாம் என்று காலையில் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் ஆகிவிட்டது, 22, 22. பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் பெரியவன் எண்ணிப் பார்த்துச் சரி என்றான், ஆரஞ்சு வளையத்தையும் அவனே மாட்டிவிட்டுப் போனான்.