வாயைக் கட்டினால் போதுமா?

இனிப்புநீர் (நீரிழிவு) வந்தவரைப் பார்த்து “வாயைக் கட்டு” என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் விடியும் முன்பே சீனி தூக்கலாக ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), இரண்டு ரொட்டி சானாய் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு, நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு மதியம் வரை அண்ணாந்தபடியே நிற்கிறார், கழுத்தும் தோளும் விட்டுப்போய்த் திரும்புகிறவரிடம் தினம் அரைமணி நேரம் நடங்கள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களுக்கு இனிப்புநீர் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4. நம் ஆட்களுக்கு நாக்கு நீளம் என்கிறார்கள். சரி, நீளம்தான்! ஆனால் வெட்டுகிற குலைக்குத்தான் காசு என்றால், கிளினிக் வரிசையில் பாதி நாள் உட்கார யாருக்கு மனசு வரும்?

எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவருக்கும் அவர் துணைக்கும் 40 வயதாகியிருந்தால் குறைந்த வருமானக்காரர்களுக்கான பேக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். படித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் இதெல்லாம் தெரிகிறது. அப்புறம், ஞாயிறு மாலை நான் வீட்டில்தான் இருப்பேன், ஐசியோடு (அடையாள அட்டை) வாருங்கள், உங்களுக்குத் தகுதி உண்டா என்று ஃபோனிலேயே பார்த்துவிடலாம்.